வால்யூமைத் திருகிய கை

தம்பி,

காலையில் செல்போனைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் ஈயம் பற்றவைத்ததும் அந்தப் புகை மூக்கில் ஏறியது. கடலூர் ஓல்டு டவுனில் உன் மைக் செட் கடைக்குள்ளேயே போய் நிற்பது போல இருந்தது. "இன்னாக்கா, டீ சொல்லட்டா?" என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன்.

என் பேத்தி பிரியா கிட்டாரோடு முதலில் வந்து நின்றதும் அந்தக் கடையில்தான். சினிமாப் பாட்டு பாட மாட்டாள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ராக் என்று அடித்துப் பாடுவாள். அஞ்சாவதோடு நின்ற எனக்கு அந்த இசை தெரியாது. பாடும்போது அவள் முகம் தெரியும், அது போதும்.

"இவள எவன் கல்யாணக் கச்சேரிக்குக் கூப்புடுவான்?" என்றாய்.

"நீங்க போடுற ரெக்கார்டுக்கே மாப்ள ஓடாம இருந்தா சரி தாத்தா" என்றாள்.

பிறகு சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். செட் உன்னுடையது. முதல் நாளே என் மகன் அவளிடம் சொல்லிவிட்டான்: "இதான் கடைசி. அங்க கூச்சல் போட்டானுங்கன்னா கிட்டாரு பரணுக்குப் போயிடும். நீ பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போற." அவள் "சரிப்பா" என்றாள். எதிர்த்துப் பேசாததுதான் எனக்குப் பயம்.

செட் கட்டினால் முதலில் பிள்ளையார் பாட்டு ஓட வேண்டும் உனக்கு. அன்றும் ஓடியது, பசங்க சிரித்தார்கள். பிரியாவின் முதல் பாட்டு மெதுவாகப் போனது. "சினிமா பாட்டு பாடும்மா" என்று பின்னாலிருந்து குரல்கள். மகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது பாட்டில் காலடியில் இருந்த சின்னப் பெட்டியை மிதித்தாள். கிட்டார் கரகரவென்று உறுமியது. உறுமத்தான் அந்தப் பெட்டி என்று உனக்கு யார் சொன்னார்கள்? செட்டில் கரகரப்பு வந்தால் உனக்கு மானம் போன மாதிரி. ஒயரைப் பிடுங்கிவிட்டாய்.

"சாலிடர் வுட்டுப்போச்சுக்கா, ஒரு நிமிசம்" என்று பக்கத்தில் இருந்த என்னிடம் சொல்லிவிட்டு, ஒயரின் தோலை உரிக்கப் பல்லுக்குக் கொண்டுபோனாய். கிட்டார் ஊமையாகிவிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. என் மகன் எழுந்து நின்றான்.

பிரியா மைக்கிலேயே சொன்னாள்: "தாத்தா, ஒயர் நல்லாத்தான் இருக்கு. என் பாட்டே அப்படித்தான். சொருகுங்க."

அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் முகம் செத்துப்போயிற்று. கோபத்தில் நீ செட்டை அணைத்திருந்தால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒயரைச் சொருகியது. வால்யூமுக்குப் போய் அப்படியே நின்றது.

"காது போனா என்னக் கேக்காத" என்று முனகிவிட்டு, எந்தக் கல்யாணத்திலும் வைக்காத அளவுக்குத் திருகினாய்.

பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள். மீதிப் பேர் எழுந்து ஆடினார்கள். மகன் நின்றபடியே முழுப் பாட்டையும் கேட்டான். திரும்பும்போது வேனில், "இன்னா மாமா சத்தம் அது" என்றான். "அதாண்டா பாட்டு" என்றாய், ஏதோ உனக்கு முன்பே தெரிந்தது போல. பரண் பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

அவளுடைய முதல் சிடி வந்தபோது நீ உயிரோடு இல்லை. கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறாள், தானே விற்கிறாள்.

கடைக்காரர் இன்று போனைச் சரிசெய்து, அதில் இருந்த அவள் பாட்டைப் போட்டுப் பார்த்தார். "கரகரங்குதும்மா. ஸ்பீக்கரும் போச்சு, மாத்திடட்டா?" என்றார்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வையி."