ஆடாத உலகக் கோப்பை

கால் ஓயாத என் ஜெனிக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். அத்தையும் நானும் காலையிலேயே போய் உன் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். உன் பெயருக்குக் கீழே பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும்தான் இருக்கின்றன. வேறு எதையும் பொறிக்க என் அத்தை, உன் அம்மா, விடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரும் படிக்கட்டும்.

நம் பள்ளிக்கூட மைதானத்தில் நான் கோல் கீப்பர், நீ இடது பக்கம். நீ அடித்த பந்தைத் தடுத்துத் தடுத்தே என் சுண்டுவிரல் கோணிப்போனது. மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போய், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து உலகக் கோப்பைக்கான இந்திய அணி முகாமுக்கே உன்னைக் கூப்பிட்டார்கள். போட்டியும் நம் நாட்டில்தான். இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கைதட்டி வழியனுப்ப, அத்தை மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார்.

“டவுசரோட டிவியில வந்தேன்னா வீட்டுப் பக்கம் வந்துறாத.”

“மொதல்ல டிவியில வாரேன். அப்பறம் திட்டுங்க” என்று சிரித்தாய்.

கொரோனா வந்தது. முகாமைக் கலைத்து அனுப்பினார்கள். போட்டியை ஒத்திவைத்திருப்பதாகச் சொன்னதால் நீ சோர்ந்துவிடவில்லை. ஊரே கதவைச் சாத்திக் கிடந்தபோது நீ கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருந்தாய். மழை வந்து கரை வழுக்கியதும் தார் ரோட்டில் ஓடினாய். ஒருநாள் மூச்சிரைக்க வந்து போனை என்னிடம் நீட்டினாய். முகாம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஓர் ஆங்கிலச் செய்தியை அனுப்பியிருந்தார்கள்.

“மதினி, ஒத்தி வச்சிருக்காங்களா, நிப்பாட்டிட்டாங்களா? சரியாப் படிச்சுச் சொல்லுங்க.”

நிறுத்திவிட்டார்கள் என்றேன். அடுத்த போட்டியை இருபத்திரண்டாம் வருடம் நம் நாட்டுக்கே கொடுத்திருக்கிறார்கள் என்றும் ஆறுதலாகச் சொன்னேன். நீ விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, “அப்ப நான் கெழவி” என்றாய். அதற்குள் உனக்குப் பதினேழு தாண்டிவிடும். உனக்கு ஒரு போன் செய்து சொல்ல அத்தனை பெரிய அமைப்பில் ஓர் ஆளுக்கும் நேரமில்லையா?

அந்தப் போட்டி நடந்தபோது என் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். நம் பெண்கள் வலைக்குள் கோல் மேல் கோலாக விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “நீ இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தேன். “சும்மா இருங்க மதினி. அந்தப் புள்ளைகளப் பாருங்க, எப்படி ஓடுதுக” என்றாய். பார்த்தது நான்தான். நீ ஒவ்வொரு முறை பந்து இடது பக்கம் போனபோதும் உட்கார்ந்த இடத்திலேயே காலை இழுத்துக்கொண்டாய்.

பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டுப் போனாய். “முகாமுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாதும்மா. போட்டியில ஆடியிருக்கணும்” என்று அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் அணித் தேர்வுக்குப் போனாய். “இன்டர்நேஷனல் மேட்ச் எதுவும் ஆடலையே” என்றார்கள். போட்டியை நிறுத்தியவர்களும் அவர்கள்தான், ஏன் ஆடவில்லை என்று கேட்டவர்களும் அவர்கள்தான். கடைசியில் விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தாய். போன வருடம் ஒரு விடியற்காலையில் அந்தக் கம்பெனி வேன், நால்வழிச் சாலையில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதியது. ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருந்தாய்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது, ஜெனி. ‘உலகக் கோப்பை நாயகிக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருந்தார்கள். உன் முகத்தைவிட, அதை வைத்தவர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன. ஒரு மாதம் கழித்து இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கால்பந்துச் சங்கத்துக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, “உலகக் கோப்பையில் ஆடியிருக்க வேண்டியவர்” என்று உருகினார். முன்வரிசையில் இருந்த உன் அம்மா எழுந்துவிட்டார்.

“ஆடியிருக்க வேண்டியவன்னா, ஏன் ஆடலங்க?”

“கொரோனாம்மா...”

“அது போனப்பறம் நடத்துனீங்கள்ல?”

“அப்ப பாப்பாவுக்கு வயசு தாண்டிருச்சும்மா. ரூல்ஸ் அப்படி.”

“வயசு அவளா தாண்டுனா? நீங்கதானங்க தாண்ட விட்டீங்க?”

மைக் வைத்திருந்தவர் சால்வையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அத்தை வாங்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ராணி, அவ ஆடுறத நான் ஒருநாளும் பாக்கலத்தா. எந்தப் பக்கம் நிப்பா?” என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். இடது பக்கம், இடது பக்கம் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்த வருடம் உன் பெயரில் பெண்களுக்கு ஒரு கோப்பை நடத்துகிறோம் என்று அதே சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். பெயருக்கு முன்னால் ‘உலகக் கோப்பை வீராங்கனை’ என்று போடுவார்களாம். “ஆடாததப் போட வேணாம். ஆட விடலைன்னு போடுங்க” என்றார் அத்தை. அப்படியெல்லாம் போட முடியாது என்றார்கள். அத்தையும் இறங்கிவரவில்லை. இப்போது அந்தக் கோப்பைக்கு, செலவை ஏற்றுக்கொண்டவருடைய அப்பாவின் பெயர். கல்லறைக் கல்லிலும் அந்தப் பட்டத்தைப் பொறிக்கச் சொல்லி ஆள் வந்தது. அத்தை கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் இப்போது இலுப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். நம் நாட்டுச் சின்னப் பெண்கள் ஏதாவது ஒரு வெளிநாட்டுப் போட்டிக்குத் தகுதி பெற்றால், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். எனக்குக் கை வருவதில்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் அவர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் கோட் சூட்டுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இவர்களில் யாருக்காவது உன் பெயர் தெரியுமா?

ஒன்று சொல்கிறேன், நீ கோபித்தாலும் சரி. உன் பெயர் இல்லாத அந்தக் கோப்பைக்கு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன். அவர்களுக்கு இப்போது வயது இருக்கிறது. அடுத்த வருடத்தை நம்பி ஒருத்தியையும் நான் உட்கார வைக்க மாட்டேன். அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார். அந்த மேடையில் யாராவது உன்னை உலகக் கோப்பை வீராங்கனை என்று சொன்னால், மைதானத்தில் நின்றபடியே சத்தமாகச் சொல்வேன்: “இல்லைங்க. அவள ஆட விடல.” ஒவ்வொரு வருடமும் சொல்வேன். அவர்களுக்குச் சலித்தாலும் எனக்குச் சலிக்காது.

உன் மாமன் மகள்,
சகாயராணி