ஏழாவது குவியல்

வக்கீல் சார்,

ஏழுமலை உப்பைத் திருடவில்லை. முத்திரையைக் கலைத்தது நான்தான்.

இன்று காலை என் உப்புக்கடை அலமாரியை ஒழித்தபோது ஒரு சாம்பிள் பொட்டலம் கிடைத்தது. செய்தித்தாளில் மடித்து, என் கையெழுத்தில் 'ஏழாவது குவியல்' என்று தேதியோடு. எண்பத்தேழு வைகாசியில் நான் அவனை வேலையை விட்டு அனுப்பிய அதே நாள். உள்ளே உப்பு கல்லாக இறுகியிருந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. உப்பளத்தில் குவித்த உப்பின்மேல் மாலையில் ஈரச் சாம்பலால் பலகை முத்திரை போடுவோம். ஒரு கை அள்ளினாலும் கலைந்துவிடும். கலைந்தால் காவலாள்தான் பதில் சொல்ல வேண்டும்; அப்போது காவலாள் ஏழுமலை. அன்று லாரி காத்திருந்த அவசரத்தில் விடிந்ததும் ஏழாவது குவியலில் நானே சாம்பிள் அள்ளியிருக்கிறேன். மறுமுத்திரை போடச் சொல்ல மறந்து திண்டிவனம் போய்விட்டு, மத்தியானம் திரும்பி வந்து அவன்மேல் பாய்ந்தேன். "நீதானே எடுத்த?" பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கடைசியில் "ஆமாங்க, நாந்தாங்க" என்றான். எழுதிக் கைநாட்டு வாங்கினேன்.

சாயங்காலம் டீ குடிக்க வந்த நீங்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்தீர்கள்.

"யார் பார்த்தது பாய்?"

"அவனே ஒத்துக்கிட்டான் சார்."

"யூதருங்களோட பழைய சட்டத்துல இது செல்லாது. ஒருத்தனுக்கு அவனேதான் ரொம்ப நெருங்குன சொந்தக்காரன். சொந்தக்காரன் சாட்சிய எடுக்க மாட்டாங்க. தண்டனை குடுக்கணும்னா வெளியாளுங்க ரெண்டு பேர் கண்ணால பார்த்திருக்கணும்."

"அப்போ அந்த ஊர்ல திருடனுக்குக் கொண்டாட்டந்தான்."

நீங்கள் சிரிக்கவில்லை. "உசுரு வெறுத்துப் போனவன்கூட நாந்தான் செஞ்சேன்னு சொல்லுவான் பாய். அதுக்குப் பயந்துதான் அப்படி வெச்சிருக்காங்க."

கறுப்புக் கோட்டுப் பேச்சு அளத்துக்கு உதவாது என்று நினைத்தேன். உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன். டீ பாதியிலேயே ஆறிப்போனது. அப்புறமும் வந்தீர்கள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. போன மாசியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் பின்னால் நடந்தேன். அன்றைக்கும் எனக்கு ஏழுமலை நினைவு இல்லை. இன்று நினைவு வந்தபோது சொல்ல நீங்கள் இல்லை.

நான் என்மேல் சொல்லிக்கொள்வதும் அந்தச் சட்டப்படி செல்லாது. ஆனால் பொட்டலம் இருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு எக்கியார்குப்பம் போனேன். ஏழுமலை அங்கே வலை இழுக்கிறான். திருடன் என்று பெயர் வந்தவனுக்கு எந்த அளத்திலும் வேலை கிடைக்கவில்லை. பொட்டலத்தைக் காட்டினேன். ஏன்டா ஒத்துக்கிட்டே என்றேன்.

"இல்லன்னு சொல்லச் சொல்ல நீங்க கேட்டுக்கினே இருந்தீங்க பாய். ஆமான்னா வூட்டுக்குப் போவலாம்னு தோணுச்சு."

திரும்பி வரச் சொன்னேன். வலையை உதறிக்கொண்டே கேட்டான். பிறகு பேசி முடித்தோம். மற்ற ஆட்களுக்குத் தரும் கூலியே போதும். கூட்டித் தந்தால் ஊர் வேறு மாதிரி பேசுமாம். கைநாட்டுக் காகிதத்தை அளத்து ஆட்கள் எல்லார் முன்னாலும் நானே கிழிக்க வேண்டும். நான் சாம்பிள் அள்ளும்போது அவன் பக்கத்தில் நிற்பான். இவை அவன் சொன்னவை. இன்னொன்றை நான் சேர்த்தேன்: முத்திரை கலைந்திருந்தால், கண்ணால் பார்த்தவர் இருவர் வந்து சொல்லும்வரை, நான் யாரையும் 'நீதானே' என்று கேட்கக் கூடாது.