அன்புடன் என்று வந்த மூன்று கடிதங்கள்

என் திருப்புளிக்கு,

அம்மா எழுதுவது, அப்பா உனக்கு வைத்த செல்லப் பேரிலேயே கூப்பிடுகிறேன். முழங்காலைத் தவிர மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீயும் நேரத்துக்கு இரண்டு வாய் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய், காரணம் இருக்கிறது, சொல்கிறேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அப்பா இருந்தால் ஐந்து நிமிட வேலை, இப்போது கீழே பாத்திரம் வைத்திருக்கிறேன். நம் கட்டடத்து லிஃப்டைப் பார்க்கப் புது ஆள் வருகிறார், லேப்டாப்பைச் சொருகிப் பார்க்கிறாரே தவிர காதை வைத்துக் கேட்பதில்லை. மூன்றாவது மாடியில் அது முனகுகிறது என்றால், அப்படி எதுவும் காட்டலையேம்மா என்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய காது இது, எனக்குத் தெரியாதா. நேற்று மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் உள்ளே நின்றேன், பக்கத்து வீட்டு டீச்சர் வெளியில் நின்று பயப்படாதே பயப்படாதே என்று கத்தியதில்தான் எனக்குப் பயமே வந்தது.

நீ இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், கிளவுட் கிளவுட் என்கிறாயே அது எங்கேதான் இருக்கிறது என்று அப்பா கேட்டார், ஞாபகம் இருக்கிறதா. நீ மேசையில் மூன்று டம்ளர் வைத்து மூன்றிலும் தண்ணீர் ஊற்றி, ஒண்ணு கவிழ்ந்தாலும் மத்தது இருக்கும்ப்பா, எதுவும் தொலையாம பார்த்துக்கறதுதான் என் வேலை என்றாய். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் பெண் எதையும் தொலைய விடமாட்டாள் என்று சொல்லித் திரிந்தார். அவர் போனில் உங்கள் கம்பெனிக் கணக்கைத் திறந்து கொடுத்ததும் நீதான். பிறகு ஒருநாள், இனி புரோகிராம் எழுதப் போவதில்லை, வியாபாரப் பக்கம் போகிறேன், பிரிவுக்கே தலைவி என்று சொன்னாய். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும், இனிமே உன் கையில அழுக்கே படாதா என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டார். சூப்பர்வைசர் வேலை இரண்டு முறை தேடி வந்தும் வேண்டாம் என்ற மனுஷன், அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு வருஷம் நீங்கள் இருவரும் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியுமே பேசினீர்கள். அவர் காரியமெல்லாம் முடிந்து நீ உன் ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா எம்மேல கோபத்தோடவே போயிட்டாராம்மா என்று கேட்டாய். இல்லை என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசி ஒரு வருஷம் அவர் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்காகப் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார். அனுப்பமாட்டார், மீட்டிங்கில் இருப்பாள் என்பார். கிளவுடில் போட்டுவிட்டு, போனில் இடமில்லை என்று இங்கே இருப்பதை அழித்துவிடுவார். பின்னே அவளுக்கு எப்படித்தான் போய்ச் சேரும் என்றேன். அவ இடத்துலதானே வெக்கிறேன், அவளா எடுத்துக் கேப்பா, நீ முந்திரிக்கொட்டையா போய்ச் சொல்லிடாதே என்றார். கிளவுட் என்றால் உன் வீட்டு அலமாரி என்று நினைத்துவிட்டார், நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்பத்தொரு பதிவு, அவர் போன புதிதில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், கேட்கத்தான் தைரியம் வரவில்லை. அவருடைய வருஷத் திதிக்கு நீ வருவாய், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

நான்கு மாதத்துக்கு முன் அவர் போனுக்கு ஒரு மெயில் வந்தது. உங்களைப் பார்த்து வெகுநாள் ஆகிறது, உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை என்று ஆரம்பித்து, முடிவில் அன்புடன் என்று போட்டு உன் பெயர், அதன் கீழே உன் பதவி. உன் பெயரைப் பார்த்தேன், அன்புடனைப் பார்த்தேன், நடுவில் இருந்ததைச் சரியாகப் படிக்கவே இல்லை. அந்தப் போன் என் கையில் இருப்பது தெரிந்துதான் எழுதுகிறாய், நேரில் சொல்ல வராததை இப்படிச் சொல்கிறாய் என்று நினைத்து அழுதேன், பதிலும் போட்டேன். பத்து நாளில் இரண்டாவது வந்தது, அதற்கும் போட்டேன். மூன்றாவது வந்தபோது மனம் தாங்காமல் அப்பாவின் பதிவுகளைப் பற்றி எல்லாம் எழுதினேன், வந்து எடுத்துக்கொள் என்றேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வாராவாரம் போனில் பேசும்போதும் நீ மூச்சு விடவில்லை, நானும் ரோஷத்தில் கேட்கவில்லை. மூன்று மெயிலிலும் நீலமாக ஒரு பொத்தான் இருந்தது, அதை அமுக்கியிருந்தால் கணக்கை மூடாமல் விட்டிருப்பார்களாம். மகளுக்குப் பதில் எழுதுகிறவள் பொத்தானை எதற்கு அமுக்குவாள், சொல்.

போன வாரம் திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. செல்போன் கடைப் பெண்ணிடம் கொண்டு போனேன். ஆன்ட்டி, இது தானா வர்ற மெயில், பதில் போட்டா யாருக்கும் போகாது, ரொம்ப நாளா திறக்காத கணக்குன்னு உள்ள இருந்ததெல்லாம் போன மாசமே அழிச்சுட்டாங்க என்றாள். மூன்று இடத்தில் இருக்குமே என்றேன், அவளுக்குப் புரியவில்லை. யார் அழிக்கச் சொன்னது என்று கேட்டேன். இதோ, கீழே பேர் இருக்கே, இவங்கதான், ஏன் ஆன்ட்டி, தெரிஞ்சவங்களா என்றாள். கொஞ்சம் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, கண்ணு. லட்சக்கணக்கான கணக்கில் அப்பாவுடையதும் ஒன்று என்று உனக்கு எப்படித் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான், பொத்தானை அமுக்காதவளும் நான். ஆனாலும் மனது ஆறவில்லை, அவர் குரல் இனி எங்கேயும் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் துணி காயப்போடப் போனபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன், அதை அப்படியே எழுதுகிறேன். முதலில் உன் பதவிப் பெயரைச் சொன்னார், நாக்கு சுழலவில்லை, நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக வந்ததும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அப்புறம், திருப்புளி, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, நீ எவ்ளோ மேல வேணா போ, எனக்குச் சந்தோஷம்தான், கதவு மூடறதுக்கு முன்னாடி மட்டும் யாராவது ஓடி வர்றாங்களான்னு ஒரு தடவை எட்டிப் பாரு என்றார். அதற்குள் குக்கர் கத்தியது, உள்ளே ஓடிவிட்டேன். மற்ற நாற்பதில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

கோபத்தோடு போகவில்லை, இதை நம்பு. ஆபீஸில் யாரையாவது கேட்டுப் பார், எங்கேனும் ஒரு துண்டு மிஞ்சியிருந்தால் எடுத்து வை, இல்லையென்றால் அதற்காகச் சாப்பிடாமல் கிடக்காதே. குளிர் நாள் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு. அன்புடன் என்று முடிக்கத்தான் பேனா போனது, அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் மூன்று தடவை ஏமாந்தேன், அதனால் விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட்டால் என் கைக்கு வந்து சேரும்.

உன் அம்மா