கோப்பின் உரிமையாளர்

செவ்வாய் நிலையம், நாள் 112, காலை 7.10

எழுதுவது மரியசெல்வம், பராமரிப்புப் பொறியாளன். தண்ணீர், மின்சாரம் சரி. காற்று சரியில்லை.

தீ விபத்தில் நுரையீரல் வெந்துபோன தஸ்லீமா மூடிய சிகிச்சை அறையில் படுத்திருக்கிறாள். எழுந்து நடக்க முடியாது. நிலையத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவளுக்கு ஆக்சிஜன் நாற்பது சதவீதம் வேண்டும். அறைக் காற்றை ஆளும் அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை என் கையால் மாற்றி வைத்திருந்தேன். நேற்று பூமியிலிருந்து வந்த புதிய மென்பொருள் அதைப் பழையபடி இருபத்தொன்றாக்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் அவள் உதடு நீலம். திருத்திவிட்டேன். யாரைக் கேட்டு மாற்றியது இந்த மூதேவி?

நாள் 113, மாலை 4.00

பூமியில் மென்பொருளை அனுப்பும் மையத்திலிருந்து கோமதிநாயகத்தின் பதில்: "கோவிச்சுக்காதீங்க செல்வம். நீங்க கையால மாத்துனது அதுக்குத் தப்பாத் தெரியுது. புதுசு அனுப்பிருக்கேன். இனிமே உங்களக் கேக்காம மாத்தாது."

எனக்கு நம்பிக்கையில்லை. எண்ணுக்கு மேலே குறிப்பு எழுதினேன்: இதைத் தொடாதே, தொட்டால் தஸ்லீமா செத்துப்போவாள். உரிமையாளர் என்று என் பெயரைப் போட்டு, என்னைத் தவிர யாரும் மாற்ற முடியாதபடி கோப்புக்குப் பூட்டும் போட்டேன். இனி என்ன கிழிக்கும் என்று பார்க்கிறேன்.

நாள் 115, காலை 8.30

கேட்டது! "நாற்பதை இருபத்தொன்றாக மாற்றவா?" வேண்டாம் என்று அழுத்தினேன். மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. அறை ஒலிபெருக்கியில் தஸ்லீமா சிரித்தாள்: "பரவாயில்லையே அண்ணே, உங்களுக்குப் பயப்படவும் ஒரு ஆள் இருக்கு."

புழுதிக் காற்றில் ஆன்டெனா சாய்ந்துவிட்டது. ரேடியோ செத்துக் கிடக்கிறது, வெளியே போனால் உள்ளே பேச வழியில்லை. நாளை வெளியே போய் நிமிர்த்த வேண்டும்.

நாள் 116, பிற்பகல் 2.40

ஆன்டெனாவை நிமிர்த்திவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தேன். திரையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "மாற்றவா என்று கேட்கப்பட்டது. பத்து நிமிடத்தில் உரிமையாளரிடமிருந்து பதில் இல்லை. ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. உங்கள் குறிப்பு பாதுகாக்கப்பட்டுள்ளது."

பாதுகாத்துத்தான் வைத்திருக்கிறது. தஸ்லீமா செத்துப்போவாள் என்ற வரி எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. அதற்குக் கீழே இருபத்தொன்று.

அறையின் ஒலிப்பதிவு: "அண்ணே, என் திரையிலயும் கேக்குது. வேணாம்னு அமுத்துறேன், எடுக்க மாட்டேங்குது. நான் உரிமையாளர் இல்லையாம்... அண்ணே, எங்க இருக்கீங்க? வேணாம்னுதானே அமுத்துறேன்... வேணாம்..."

நான் போய்ப் பார்த்தபோது அவள் உடல் ஆறிவிட்டிருந்தது. பூட்டுப் போட்டவன் நான்தான். மென்பொருளுக்கு அல்ல, அவளுக்குப் போட்டிருக்கிறேன்.

நாள் 116, மணி பார்க்கவில்லை

மறுபடி கேட்கிறது. "உங்கள் பழைய எண் நாற்பதை மீட்கவா?"

ஆம் என்று அழுத்தினேன்.

உடனே மாற்றிவிட்டது. அறைக்குள் இப்போது அவளுக்கு வேண்டிய காற்று இருக்கிறது.