அண்ணனின் நடை

12.3.1996, செவ்வாய்

அப்பா போய் மூன்று வருடம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று கல்லல் ரயில் ஸ்டேஷனில் அண்ணனைப் பார்த்தேன். வழக்கம்போல் பேசிக்கொள்ளவில்லை. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இழுத்து இழுத்து நடந்தார். "உங்கண்ணன் காலையிலேயே ஊத்திக்கிட்டு வாராகளா?" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். அப்பாவின் நடை அது.

அப்பா இப்படி நடக்கத் தொடங்கியபோதே ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். "வயசானா வாரதுதானடா. தலையில கத்தி வைக்க விடமாட்டேன்" என்று அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்த்தார் அண்ணன். கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது மூளையில் நீர் தேங்கி, நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியும் கெட்டிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா நீரை வடிச்சு நடக்க வச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அப்பா என்னை யாரென்று தெரியாமலே போனார்.

அண்ணனை மன்னிக்க மாட்டேன். ஆனாலும் கார்டு எழுதிவிட்டேன்: "உங்கள் நடை சரியில்லை. உடனே தலையை ஸ்கேன் எடுங்கள்." என் பெயரைப் பார்த்தால் கிழித்துப்போடுவார். பெயரில்லாமலே நாளை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.