எனக்கும் சேர்த்து ஊக்கு

அன்புள்ள சுந்தரம்மாள் டீச்சருக்கு,

நாளை சாயங்காலப் பயிற்சிக்கு வரும் அஸ்வினி இதை உங்கள் கையில் தருவாள். படித்ததும் கிழித்துவிடுங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பெரிய மனுஷி ஆகிவிட்டேன். அதிலிருந்து பின்னறையில் தனித் தட்டு, தனிப் பாய். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றும்வரை வாசலைத் தாண்டக் கூடாதாம். சனிக்கிழமைதான் விளையாட்டு விடுதித் தேர்வு. அம்மாவிடம் கேட்டேன். "போட்டி எங்கடி ஓடிப் போகுது, அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்" என்றாள். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். அதைச் சொல்வதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வயிற்றுவலி நின்றுவிட்டது. கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடுகிறேன்.

படுத்தால் பயமாக இருக்கிறது டீச்சர். அப்போதெல்லாம் உங்கள் கல்லூரி நாட்களை நினைத்துக்கொள்வேன். நம் பக்கத்துப் பெண்கள் மைதானத்துக்கே வராத காலத்தில், காலையில் கைப்பந்து, மதியம் கபடி, சாயங்காலம் எண்ணூறு மீட்டர். எல்லாவற்றுக்கும் ஒரே பனியன். முதுகில் நம்பர் துணியை மட்டும் மாற்றி மாற்றி ஊக்கு குத்திக்கொண்டீர்கள். டவுசரோடு பேப்பரில் படம் வந்ததும் உங்கள் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். நீங்கள் மறுநாளும் மைதானத்துக்குப் போனீர்கள். பிறகு கோச் ஆனபோது முதல் விசில் வாங்கித் தந்தது அதே அப்பாதான் என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நாளை காலை அழகுபாண்டி மாமா திருப்பூரிலிருந்து குச்சு கட்ட வருகிறார். தாய்மாமன் கட்டும் அந்த ஓலைக் குடிசைக்குள்தான் இனி என்னை உட்கார வைப்பார்கள். சடங்கு ஃப்ளெக்ஸுக்கு அம்மா பட்டுப்பாவாடைப் படம் அனுப்பினாள். மாமாவோ நான் கபடிக் கோப்பையோடு நிற்கும் படத்தைக் கேட்டு வாங்கினார். "இதுலதாங்கா எம் மருமக அவளா இருக்கா" என்று அவர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது.

அவரிடமே கேட்கப் போகிறேன். அவர் சொன்னால் அம்மா மீறமாட்டாள். ஆண்கள் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். ஓலைக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்பேன். அந்தப் படத்தில் இருப்பவளை ஒரு பகல் மட்டும் வெளியே விடுங்கள் மாமா, பொழுது சாய்வதற்குள் நானே வந்து குச்சுக்குள் உட்கார்ந்துகொள்கிறேன் என்று. பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சொல்லிவிடுவேன்.

நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். வந்தால், டீச்சர் ஏற்றிவிட்டுத்தான் ஆடுகிறாள் என்பார்கள். சனிக்கிழமை நான் வரத் தாமதமானால் பட்டியலில் என் பெயரை மட்டும் அடித்துவிட விடாதீர்கள்.

என்னிடமும் ஒரே பனியன்தான். வீட்டில் இருந்த ஊக்கையெல்லாம் அம்மா சடங்குச் சேலைக்கு எடுத்து வைத்துவிட்டாள். எனக்கும் சேர்த்து எடுத்து வாருங்கள் டீச்சர்.

உங்கள் மாணவி,
பாண்டிமீனா