நான்கு சுற்று

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. தினம் போனில் பேசும்போது எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறாரேடா. இது அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

உனக்கு என் வேலை தெரியும். தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து பரிசோதித்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தண்ணீர் திறந்து அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும், விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும், அரை மணி ஓடினால் அதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் நம் தெருவுக்கு அப்புறம் வரும் கடைசித் தெருவில் தண்ணீர் வருவதே இருபது நிமிடம். அரை மணிக்கு நான் போய் நின்றால் குழாயில் காற்றுதான் வரும். அதனால் அந்தத் தெருவுக்கு உரிய கட்டத்தில் நம் தெருவின் முடிவுக்குக் கீழே ‘மேற்படி’ என்று எழுதிவிடுவேன். மூன்று வருடமாக மேற்படி, மேற்படி, மேற்படி. யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு தடவை பொறியாளரிடம் சொன்னேன். “தண்ணியே வராத நேரத்துல எங்கேம்மா போய் சாம்பிள் எடுப்பீங்க, மேற்படி போட்டுட்டு அடுத்த வேலையைப் பாருங்க” என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இங்கே பாட்டில் கழுவும் அக்கா இருக்கிறாரே, நீ ஒருமுறை வந்தபோது என்னை உன் அக்கா என்று நினைத்து உன்னிடம் விசாரித்தவர், அவர் வீடு அந்தத் தெருவில்தான். போன மாதம் அவருடைய மூன்று வயதுப் பேத்தி வயிற்றுப்போக்கில் சுருண்டுவிட்டாள், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள், அதற்குள் அதே வரிசையில் இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அக்கா அழவில்லை, பாட்டிலைக் கழுவிக்கொண்டே, “நம்ம பாட்டில் குடுத்து வெச்சது மேடம், என் பேத்தி குடிக்கிறதவிட நல்ல தண்ணியில குளிக்குது” என்றார். மறுநாள் அவரே ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருடம் என்னைப் பார்த்தே கற்றிருக்கிறார், கிருமி சாகக் குழாய் வாயைத் தீயில் காட்டி, விரல் படாமல், தண்ணீர் வந்த பத்தாவது நிமிடம் பிடித்ததாம். “விதிப்படி இல்லதான், ஆனா நாங்க விதிப்படியா குடிக்கிறோம்” என்றார். சாக்கடை கலந்திருந்தால் ஒரே நாளில் கறுத்துவிடும் மருந்துப் பொடியைப் போட்டு வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் பாட்டில் மை போலக் கறுப்பு. அக்கா வந்து, “என் பாட்டில் என்ன ஆச்சு மேடம்” என்று கேட்டபோது, இன்னும் நேரம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன். பாட்டிலை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேனடா.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். முன்பெல்லாம் கடைசித் தெருவுக்கு முக்கால் மணி நேரம் தண்ணீர் வந்தது. உனக்குப் பொதுத்தேர்வு நடந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா, குழாய் சொட்டுச் சொட்டாக வடியும், குடத்தை வைத்துவிட்டு நீ ஒரு கையில் புத்தகத்தோடு காவல் இருப்பாய். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாதானே வால்வு திறப்பவர், நம் தெரு வால்வை இன்னும் நான்கு சுற்றுத் திறந்துவிடுங்களேன் என்று நான்தான் கேட்டேன். “வீட்டுக்காரிக்கே சலுகையா” என்று சிரித்துக்கொண்டே போய்த் திறந்தார். உன் தேர்வு முடிந்ததும் பழையபடி மூடப் போனார். அதற்குள் தெருவே அந்தத் தண்ணீருக்குப் பழகிவிட்டது, “என்ன அண்ணே, எங்க வாயிலயா மண்ணு போடப் பாக்குறீங்க” என்று சூழ்ந்துகொண்டார்கள், அவர் வால்வுச் சாவியோடு திரும்பி வந்துவிட்டார். நானும் இன்னொரு தடவை போங்கள் என்று சொல்லவில்லை, மொட்டைமாடித் தொட்டி நிரம்பும் சத்தம் எனக்கும் பிடித்திருந்தது. நமக்கு ஏறிய நான்கு சுற்றும் கடைசித் தெருவில் குறைந்தது. ஊரில் யாருக்கும் அது தெரியாது, எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும்.

போன வாரம் மெதுவாக அப்பாவிடம் ஆரம்பித்தேன். “இப்ப மூடினா எதிர்வீட்டு வாத்தியார் மொத ஆளா மனு எழுதுவாரு, விசாரிக்க வருவாங்க, இத்தன வருசம் ஏன் திறந்து வெச்சேன்னு கேட்டா உன் பையன் பரீட்சைன்னா சொல்ல முடியும்” என்றார். மூடினாலும் மாட்டுவார், மூடாவிட்டால் பிள்ளைகள் படுப்பார்கள். இதற்கு நடுவில் குடிநீரை மேம்படுத்தும் திட்டம் என்று அலுவலகமே அமர்க்களப்படுகிறது, மேல்நிலைத் தொட்டிக்கு நீலப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, வாசலில் புகார்ப் பெட்டி வந்துவிட்டது, அதற்குப் பூட்டு வந்தது சாவி வரவில்லை. பழைய குழாயைத் தோண்டியெடுத்துப் புதிதாகப் போடப் போகிறார்களாம், என் பதிவேட்டில் எந்தத் தெரு தண்ணீர் கெட்டது என்று இருக்கிறதோ அந்தத் தெருவுக்கு முதலில். பட்டியல் இன்று மாலையோடு முடிகிறது. கடைசித் தெரு அதில் இல்லை, என் மேற்படியால் அங்கே தண்ணீர் என்றைக்குமே கெட்டதில்லை. பொறியாளர் காலையில்கூட வந்து, “எல்லாக் கட்டமும் சுத்தமா இருக்கட்டும்மா, மேலேயிருந்து வர்றாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு எழுத உட்காருவதற்கு முன்னால் கடைசித் தெருவின் கட்டத்தில் ‘கறுப்பு’ என்று எழுதிவிட்டேன். பதிவேட்டில் பக்க எண் அச்சடித்திருக்கிறது, தாளைக் கிழிக்க முடியாது, அடித்து எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். பக்கத்துக் கட்டத்தில் நீர் வரும் நேரம் இருபது நிமிடம் என்று எழுதினேன். அதற்கடுத்த கட்டத்துக்குக் காரணம் என்று பெயர், அதில் கை ஓடவில்லை, பேனாவோடு உன்னிடம் வந்துவிட்டேன். காலியாக விட்டால் யாராவது விசாரித்து வால்வில் போய் நிற்பார்கள், அங்கே அப்பா மட்டும்தான் இருப்பார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய் அதையும் நிரப்பிவிட்டு வந்தேன். முந்தைய தெருவின் வால்வு நான்கு சுற்று அதிகம் திறக்கப்பட்டுள்ளது என்று எழுதினேன். திறக்கச் சொன்னவர் பரிசோதகர் என்றும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டுப் பாட்டிலைக் காட்டினேன், காரணத்தையும் படித்துக் காட்டினேன். மற்றப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், அவர் வந்து வால்வுச் சாவியைக் கதவுக்குப் பின்னால் சாத்தும் சத்தம் கேட்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. வேலை இருவருக்கும் நிலைக்குமா என்று தெரியவில்லை. நீ படிப்பை விட்டு ஓடி வராதே, அது உன் தலையில் விழ வேண்டிய பாரம் இல்லை, பரீட்சை எழுதியது மட்டும்தான் நீ செய்தது. இந்தக் கடிதம் வருவதற்குள் அப்பா போன் செய்திருப்பார், என்னைத் திட்டியிருந்தால் திட்டட்டும், இனி அவர் பேசும்போதும் நீ குறுக்கே பேசாமல் முழுவதும் கேள். அவர் கெட்டவர் இல்லை, நான் கேட்டதைக் கொடுத்தவர்.

நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நிமிர்ந்த தலையோடு நீ வாழ வேண்டும் கண்ணா. விடுதியில் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீரைக் குடிக்காதே, எவ்வளவு அவசரமானாலும் கொதிக்க வைத்துக் குடி.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா